உசனார் மாமாவின் இங்கிலீஷ்

"யூ ஆர் ரிக்வெஸ்டட் டு பீ சீட்டட்."

முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, படகின் விளிம்பை ஒரு கையால் பிடித்தபடி உசனார் மாமா சொல்கிறார். ஜெர்மனியிலிருந்து வந்த கணவனும் மனைவியும் சட்டென்று உட்கார்ந்துவிடுகிறார்கள். "லைஃப் ஜாக்கெட் மஸ்ட் பீ வோர்ன்." அணிகிறார்கள். "ஸ்மோக்கிங் இஸ் நொட் பெர்மிட்டட்." கணவர் வாயருகே கொண்டுபோன சிகரெட்டைப் பெட்டிக்குள் திருப்பி வைக்கிறார். அரசாங்க வர்த்தமானி அறிவித்தலுக்குக் கீழ்ப்படிவதுபோல் எல்லாம் நடந்து முடிகிறது. மாமா சாரத்தை மடித்துக் கட்டுகிறார், தோளைக் கொடுத்துப் படகைத் தள்ளுகிறார், அது மிதந்ததும் பூனைபோல் ஏறிக்கொள்கிறார்.

கல்பிட்டியில் ஆலங்குடாக் கரையிலிருந்து காலையில் ஓங்கில் எனும் டொல்ஃபின்களைப் பார்க்கப் போகும் படகுகளில் இவருடையதும் ஒன்று. ஐம்பதை நெருங்கும் வயது. உப்புக்காற்றில் வெளுத்த தாடி. யாரோ ஒரு பயணி விட்டுப்போன நோர்வே நாட்டுத் தொப்பி. இரண்டு காதிலும் பஞ்சு. சட்டைப்பையில் எப்போதும் பாதியாக வெட்டிய தேசிக்காய் இருக்கும். பயணியின் முகம் வெளிறத் தொடங்கும்போதே அதை மூக்கருகே நீட்டுவார். "வொமிட்டிங் இஸ் அவொய்டட்" என்பார். அப்படிச் சொன்ன பிறகு வாந்தி எடுக்க யாருக்கும் துணிவு வருவதில்லை.

இந்த இங்கிலீஷை அவர் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. சொந்தப் படகு வாங்கும் முன்பு, கச்சான் காற்று வீசிக் கடல் மூடிக்கிடக்கும் மாதங்களில், கடற்கரை விடுதிகளுக்கு அறிவித்தல் பலகை எழுதினார். ஒவ்வோர் எழுத்தையும் படம்போல வரைவார். பிறகு விடுதி மனேஜரிடம் அதன் பொருளைக் கேட்டு மனதில் போட்டுக்கொள்வார். விருந்தினர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். துவாய்கள் எடுத்துச் செல்லப்படக் கூடாது. காலணிகள் வெளியே விடப்பட வேண்டும். பலகைகள் ஒருபோதும் 'நான்' என்று பேசுவதில்லை. மாமாவும் பேசவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். கரையை ஒட்டிய என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே வேலி. ஹஃபீலா மாமியின் குரல் வேலியைத் தாண்டி வரும்.

"ஊட்டுக்குள்ளயாவது மனிசன்மாதிரி கதைங்க. 'டீ இஸ் வோன்டட்' எண்டா ஆருக்கு டீ? கதவுக்கா, கதிரைக்கா?"

"கதிரைல இருக்கிற ஆளுக்கு."

"அந்த ஆளுக்குப் பேரில்லையா?"

"டீ வந்தாப் பேர் செல்லுறன்."

இந்தப் பருவத்தில் ஒரு புதிய விதி வந்தது. வெளிநாட்டுப் பயணிகளைக் கடலுக்கு ஏற்றிப் போகிறவர் வாய்மொழிப் பரீட்சையிலும் கடலோட்டப் பரீட்சையிலும் சித்தியடைந்து அனுமதி பெற வேண்டும். சித்தியடையாதவர் தன் படகை வைத்திருக்கலாம், ஆனால் அதை ஓட்ட அனுமதி பெற்ற வேறொருவரை அமர்த்த வேண்டும். அதாவது, உசனார் மாமா தான் வாங்கிய படகில், தான் பார்த்துப் பார்த்துப் பழக்கிய எஞ்சினில், இன்னொருவன் கைபிடியைப் பிடித்து ஓட்ட, முன்னால் குந்தி நங்கூரம் இழுக்க வேண்டும். "அப்படி ஒரு நாள் வந்தா போட்ட வித்துப்போட்டு மாம்புரில மிளகாய் நடப் போறன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

பல்கலைக்கழகம் போய் வந்தவள் என்பதால் அவரைத் தயார்படுத்தும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. அதனால் நேரம் நிறைய இருந்தது.

"மாமா, பரீட்சைல ஆக்டிவ் வொய்ஸ்ல பேசணும். நீங்க செஞ்சதை நீங்க செஞ்சதாவே சொல்லணும். ஐ ஃபைண்ட் த டொல்ஃபின்ஸ். சொல்லுங்க."

"டொல்ஃபின்ஸ் ஆர் ஸீன்."

"ஆரால ஸீன்?"

"அங்க நிக்கிற எல்லாராலயும். மகள், நான் எங்க கண்டுபிடிக்கிற? அது வாறது. அந்த நேரம் நாம அங்க நிண்டாக் காணுற. மத்தவன் நிண்டா அவன் காணுவான்."

அதற்குமேல் அவரை நகர்த்த முடியவில்லை. இங்கிலீஷ் மட்டுமே அதற்குக் காரணம் இல்லை. எங்கள் கரையில் மீன்பிடித்து வருகிறவனிடம் "பாடு எப்படி?" என்று கேட்டால் "கொஞ்சம் பட்டிச்சு" என்றுதான் பதில் வரும். அதுவும் தலையைக் குனிந்து, மெல்லிய குரலில். படகு நிறைய அறுக்குளா மீன் கிடந்தாலும் அதே பதில்தான். "நான் பிடிச்சேன்" என்று ஒருவன் வாய்தவறிச் சொன்னால் போதும், "கடல் என்ன, உங்கட வாப்பாட தோட்டமா?" என்று கரை முழுவதும் கேட்டுவிடும். இருபது வயதில் மாமாவிடமே அப்படிக் கேட்டிருக்கிறார்கள்.

சொல்லிக்கொடுக்கப் போன எனக்குத்தான் குழப்பம் மிஞ்சியது. என் பட்டப்படிப்பு ஆய்வேட்டில் தரவுகள் சேகரிக்கப்பட்டன, முடிவுகள் எட்டப்பட்டன, எல்லாம் தாமாகவே நடந்ததுபோல. வேலைக்கு எழுதும் விண்ணப்பங்களிலோ நான் திறமையானவள், நான் பொறுப்புள்ளவள், வரிக்கு வரி நான். இரண்டையும் நானேதான் எழுதினேன். இரண்டிலும் என்னைக் காணவில்லை. மாமாவின் பேச்சில் 'நான்' இல்லை, ஆனால் ஆள் இருந்தார். அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

பரீட்சைக்குக் கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைமை தாங்கியவர் கட்டையாக முடி வெட்டிய, அதிகம் சிரிக்காத ஓர் அம்மையார். தமிழும் சிங்களமும் இங்கிலீஷும் ஒரே வேகத்தில் பேசினார். வாய்மொழிப் பரீட்சையைக் கரையிலேயே ஒரு தகரக் கொட்டகையில் வைத்தார்கள். சுற்றிலும் படகோட்டிகள் கூடி நின்றார்கள். மாமாவுக்கு அடுத்த முறை கிளைட்டனுடையது. சேர்ச் பக்கத்தில் வசிக்கும் இளைஞன். கரையிலேயே வேகமான படகும் வேகமான வாயும் அவனுக்குத்தான். மாமாவை, அண்ணன் என்ற பொருளில், 'நானா' என்றே கூப்பிடுவான்.

"நானா, 'ஐயாம் த பெஸ்ட் இன் கல்பிட்டி' எண்டு அடிச்சி விடுங்க. அவங்க என்ன அளந்தா பாக்கப் போறாங்க?"

மாமா பஞ்சைக் காதில் இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டு உள்ளே போனார்.

அம்மையார் அனுபவத்தைப் பற்றிக் கேட்டார். "மெனி பீப்பிள் வேர் டேக்கன்" என்றார் மாமா. சற்று யோசித்து, "ஓல் வேர் ப்ரோட் பேக்" என்று சேர்த்துக்கொண்டார். பலரும் அழைத்துச் செல்லப்பட்டார்கள், எல்லோரும் திரும்பக் கொண்டுவரப்பட்டார்கள்.

"பை ஹூம்?"

மாமா திரும்பித் தன் படகைப் பார்த்தார். "பை த ஃபோர்ட்டி ஹோர்ஸ்பவர், மேடம்."

வெளியே நின்றவர்கள் சிரிப்பில் தகரத்தைத் தட்டினார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டார். 

அடுத்தது கடலோட்டம். பரீட்சகர்களுடன் பயணிகளாக உட்கார ஊர் ஆட்கள் சிலர் வேண்டும் என்றார்கள். நான் ஏறிக்கொண்டேன். அறிவித்தல்கள் வழக்கம்போல் கம்பீரமாக ஒலித்தன. அம்மையார்கூட ஜாக்கெட்டின் கொளுக்கியை இரண்டு தரம் சரிபார்த்தார். கரையலை உடையும் இடத்தை மாமா அழகாகக் கடந்தார். அலை எழும்பும்வரை பொறுத்து, அது தணிந்த இடைவெளியில் நழுவி, ஒரு துளி தண்ணீர்கூடத் தெறிக்காமல் வெளியே வந்தோம். மாம்புரியின் மின்சாரக் காற்றாலைகள் கரையில் சின்னதாகத் தெரிந்தன.

அங்கேதான் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

படகு அலைக்குக் குறுக்கே திரும்பத் தொடங்கியது. "கீழ இருங்க!" என்று கத்திய மாமாவின் குரல் எனக்குப் பழக்கமானதே இல்லை. துடுப்பைப் போட்டு, படகின் முன்முனையான அணியத்தை அலைக்கு நேராகத் திருப்பினார். துடுப்பை ஒரு தொடையால் அழுத்திப் பிடித்தபடி எண்ணெய்க் குழாயைத் தடவிக்கொண்டே கையை டாங்கிவரை கொண்டுபோனார். மூடியில் விரல் வைத்ததும் அவர் முகம் மாறியது. மூடியின் நடுவில் ஒரு சின்னத் திருகு இருக்கும். கரையில் டாங்கியைத் தூக்கி வரும்போது எண்ணெய் சிந்தாமல் அதை இறுக்கி வைப்பார்கள். ஓட்டத் தொடங்குமுன் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே காற்றுப் போகாது, எண்ணெய் எஞ்சினுக்கு வராது. படகில் புதிதாக ஏறுகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விஷயம் இது. மாமா திருகைத் தளர்த்தினார். புஸ் என்று காற்று உள்ளே போனது. கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் உறுமியது.

அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வட் ஹெப்பண்ட்?"

மாமாவுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று நினைத்தேன். அவருடைய இங்கிலீஷ் இந்தக் கேள்விக்கென்றே செய்தது. எஞ்சின் நிறுத்தப்பட்டது, எண்ணெய் பெறப்படவில்லை, இப்போது சீர்செய்யப்பட்டது. எண்ணெயில் அழுக்கு வருவது இந்தக் கரையில் புதிதல்ல. யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐ ஃபர்கெட்" என்றார் மாமா. ஈர விரலால் தன் மார்பைத் தொட்டார். "திஸ், ஐ நொட் ஓப்பன். ஐ, மேடம். நோ அதர் பீப்பிள்."

அம்மையார் அவரைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். நீளமாக எழுதினார்.

 மேற்கே வெகுதூரத்தில் கடற்குருவிகள் தாழ்ந்து தாழ்ந்து எழுவதை மாமா கண்டார். கைபிடியைத் திருப்பினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் கொதித்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கில் ஓங்கில்கள். குட்டிகள் தாயின் விலாவை ஒட்டி நீந்தின. பெரியவை மேலே பாய்ந்து, பம்பரம்போல் சுழன்று, பளீர் என்று விழுந்தன. ஒன்று எங்கள் படகின் கீழாகச் சென்று மறுபக்கம் எழுந்து மூச்சுவிட்டது. அதன் ஈரம் என் முகத்தில் பட்டது. அவை மிரளாதபடி மாமா எஞ்சினைத் தணித்து ஒதுங்கியே நின்றார்.

"யூ ஃபவுண்ட் தெம்" என்றார் அம்மையார். முதன்முறையாக அவர் குரல் இளகியிருந்தது.

"ஃபவுண்ட் பை த பேர்ட்ஸ், மேடம்."

அணியம் கரை மணலைத் தொட்டதும் மாமா செய்த காரியத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. முடிவு இன்னும் சொல்லப்படவில்லை. அவர் படகின் விளிம்பில் ஏறி நின்று, காத்திருந்த படகோட்டிகள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"டாங்கி மூடியப் பாருங்கடா! நான் துறக்க மறந்திட்டன்! அலைக்கு வெளிய எஞ்சின் நிண்டு போச்சி! நான்தான்! எல்லாரும் பாத்துட்டுப் போங்க!"

"முடிஞ்சிது நானாட கதை" என்று தலையில் கை வைத்தான் கிளைட்டன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மீனைப் பற்றி இந்தக் கரை மெல்லிய குரலில் பேசும் என்பதை மட்டுமே நான் கவனித்திருந்தேன். வலை கல்லில் மாட்டிக் கிழிந்த நாளில் அதே ஆட்கள் எப்படிப் பேசுவார்கள்? "நான்தான் போய் விழுந்தன், வடக்குப் பக்கம் கல்லிருக்கு, போடாதீங்க!" என்று கரையின் மறுமுனைக்குக் கேட்கக் கத்துவார்கள். பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒரு பாதியை வைத்துக்கொண்டு மாமாவுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அம்மையார் இறங்கி, காலணியிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, தமிழில் கேட்டார்.

"இதை ஊருக்கே சொல்ல வேணுமா? எங்களோட முடிஞ்சிருக்குமே."

"மேடம், நான் செல்லாட்டிப் பின்னால வாறவனும் இதே பிழைய விடுவான். அவன்ட போட்டுலயும் ஆள் இருக்கும்தானே."

அம்மையார் மற்ற இருவரையும் பார்த்தார். மூவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

"மூடியை மறந்ததுக்குப் புள்ளி குறைச்சிருக்கேன். நல்லாவே குறைச்சிருக்கேன்" என்றார் அம்மையார். "அதுக்குப் பிறகு செஞ்ச எல்லாத்துக்கும் முழுப் புள்ளி. நீங்க பாஸ்."

 கரை வெடித்தது. யாரோ ஊளையிட்டார், யாரோ விசில் அடித்தார். வேலிப் பக்கமிருந்து ஹஃபீலா மாமியின் "அல்ஹம்துலில்லாஹ்!" எல்லாவற்றையும் தாண்டி வந்தது. படகோட்டிகள் பாய்ந்து மாமாவைத் தூக்கினார்கள். சாரத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நோர்வேத் தொப்பி எங்கோ பறந்துபோக, அவர் தலைகளுக்கு மேலே போனார்.

"பாஸ்ட் பை ஹூம், நானா?" என்று கத்தினான் கிளைட்டன். அடுத்து அவன் முறை. அவன் படகு தண்ணீரில் தயாராக நின்றது.

தூக்கியவர்கள் மாமாவோடு கடலுக்குள் இறங்கி, கிளைட்டனின் படகைச் சுற்றி ஆடத் தொடங்கினார்கள். எல்லோரும் பாடினார்கள், தண்ணீரை அடித்தார்கள். மாமா மட்டும் தோள்களின் மேலிருந்தபடியே எட்டிக் குனிந்து, கிளைட்டனின் டாங்கி மூடியைப் பிடித்து, அதிலிருந்த திருகை இரு விரலால் மெல்லத் தளர்த்தினார்.