ஒரே போனில் இரண்டு பங்காளிகள்

கொரோனா காலத்து விசாரணைக்கு வந்திருந்தது நான், என் சித்தப்பா மகன், அவன் போனுக்குள் மதுரை நடுவர். பொதுக்கிணற்றில் எந்த நாள் யாருக்குத் தண்ணீர் என்பது வழக்கு. தீர்ப்பு வரும்வரை மோட்டார் ரூமுக்குப் பூட்டு. என் திராட்சைக் கொடிகள் வாடிக்கொண்டிருந்தன.

“ஒருத்தர் பேசுவதை மற்றவர் கேட்கக் கூடாது. தனித்தனி போனில் வாங்க,” என்றார் நடுவர்.

“எங்கிட்ட போன் இல்லைங்கய்யா.”

“அண்ணே, நீ பேசு. நான் காதைப் பொத்திக்கிறேன்,” என்றான் தம்பி.

“ஏலே, பொத்துனா போனை யாரு பிடிக்கிறது?”

நடுவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் இரண்டு போனோடு வரச் சொல்லிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார். கடையெல்லாம் அடைப்பு, போனை எங்கே வாங்க?

“பூட்டையாவது திறப்போமாடா?” என்றேன்.

“நடுவரு சொல்லட்டும்ணே.”

அடுத்த வாய்தாவுக்குள் பட்டுப்போன கொடிகள் நூற்றுப் பன்னிரண்டு.