ஓரகத்தியும் நானும் ஆயில் மாற்றினோம்

திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீடு மாடியும் கீழுமாக இருக்கிறது. கீழே நானும் என் வீட்டுக்காரரும். மாடியில் அவருடைய தம்பியும் தம்பி மனைவியும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து எலக்ட்ரிக் சாமான் கடை நடத்துகிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் ஓரகத்தி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். ஒரே கேட்டுக்குள் பல வருஷமாக இருந்தும் எங்கள் இரண்டு பேருக்குள் பேச்சு அளவாகத்தான் இருந்தது. தண்ணீர் மோட்டாரை யார் போடுவது, கரண்ட் பில் வந்துவிட்டதா, இவ்வளவுதான். சண்டை ஒன்றும் கிடையாது. அவளுக்கு என்னிடம் டீச்சர் என்ற பயம். எனக்கு அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாது.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு பழைய கார் உண்டு. அண்ணன் தம்பி இருவரும் ஓட்டுவார்கள், நானும் ஓட்டுவேன். ஆனால் ஓட்டுவதோடு சரி. எது என்றாலும் ஒர்க்‌ஷாப்தான். அங்கே காலையில் விட்டால் சாயங்காலம் வரை வண்டி கிடைக்காது. வீடு வீடாகப் போய் ஒயரிங் வேலைக்கு யோசனை சொல்கிற இந்த இரண்டு பேரும் கார் பானெட்டைத் திறந்தால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

என் நாத்தனார் மகள் மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நடந்த அன்று காலை, எல்லாரும் பட்டுப் புடவையும் வெள்ளை வேட்டியுமாகக் காரில் உட்கார்ந்துவிட்டோம். சாவியைத் திருப்பினால் டிக், டிக் என்ற சத்தம் மட்டும். என் வீட்டுக்காரர் இறங்கி பானெட்டைத் தூக்கிப் பார்த்தார், மூடினார். ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசை பாதி முடிந்திருந்தது. வாசலில் நின்றபடியே பார்த்தோம். அந்தப் பிள்ளை முன்வரிசையிலிருந்து எங்களைத் திரும்பித் திரும்பித் தேடியது.

நாத்தனார் வீட்டு விருந்து முடிந்து திரும்பி வரும்போது ஆட்டோவில் ஓரகத்தி என் காதருகே குனிந்து சொன்னாள். "அக்கா, பேட்டரி முனையில பச்சையும் வெள்ளையுமா பூத்துக் கெடந்துச்சு. அதுனால இருக்குமோ?"

"நீ எப்பப் பாத்த?"

"அத்தான் தொறந்தப்ப எட்டிப் பாத்தேன். நம்மளே தொடச்சுப் பாத்தா என்னக்கா?"

வீட்டுக்கு வந்து அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் தூங்கப் போனதும் நாங்கள் நைட்டிக்கு மாறிக்கொண்டு முற்றத்துக்கு வந்தோம். காரோடு வந்த புத்தகத்தை நான் வாசிக்க, அவள் ஸ்பேனரைப் பிடித்தாள். மைனஸ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. மருந்துக் கடைக் கையுறையை ஆளுக்கொரு ஜோடி போட்டுக்கொண்டோம். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். சோடா பட்டதும் அந்தப் பச்சைப் படிவு நுரைத்துப் பொங்கி வழிந்தது. துடைத்துக் காயவைத்து, கொஞ்சம் வாஸ்லைன் தடவி, ஒயர்களை இறுக்கினோம்.

நான் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பிவிட்டது. அவள் கையுறையோடு கைதட்டினாள். சத்தம் கேட்டு என் கொழுந்தனார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "மெக்கானிக் வந்துட்டாரா அண்ணி?" என்றார்.

"வந்துட்டாரு, வந்துட்டாரு. ரெண்டு பேரு வந்திருக்கோம்" என்றாள் அவர் மனைவி.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எங்களுக்கு ஒரு வேலை அமைந்துவிட்டது. மருந்துக் கடையில் அவளுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் டியூட்டி. எனக்கு லீவு. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினோம். திண்டுக்கல் செம்மண் அதிலிருந்து அவ்வளவு கொட்டியது. ஒரு துளசிச் செடி வைக்கலாம் போல இருந்தது. வைப்பர் ரப்பரை மாற்றினோம். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவைப் பார்ப்பது, டயரில் காற்றுப் பார்ப்பது, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்ப்பது, எல்லாம் பழகிவிட்டது. வேலையின் நடுவே பேச்சும் பழகிவிட்டது. அவளுக்குச் சிரிக்க வைக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மருந்துக் கடையில் மாத்திரையின் பெயர் தெரியாமல் "அந்த மஞ்சள் கலர்ல, உருண்டையா" என்று கேட்பவர்களை அவள் நடித்துக் காட்டினால் ஸ்பேனர் என் கையில் நிற்காது.

அவள் பிறந்த வீடு சிறுமலையில் என்பது தெரியும். அங்கே அவள் அம்மா தனியாக இருப்பதும் தெரியும். ஆனால் அம்மாவுக்கு முட்டி வலி முற்றிப்போய், பஸ் ஏற முடியாமல், கீழே டாக்டரிடம் வருவதையே நிறுத்திவிட்டார் என்பதை டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமைதான் சொன்னாள்.

"கார்ல போய்க் கூட்டிட்டு வந்துரலாம்ல?" என்றேன்.

"அவுக ரெண்டு பேரும் மலை மேல இந்த வண்டிய ஏத்த மாட்டாகக்கா. நடுவழியில நின்னுரும்னு பயம்."

"ஆயில் மாத்தி எம்புட்டு நாளாச்சு?"

"அது யாருக்குத் தெரியும்?"

டிப்ஸ்டிக்கில் வந்தது தார் மாதிரி இருந்தது. அடுத்த சனிக்கிழமையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம்.

ஆயிலும் புது ஃபில்டரும் வாங்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்ததால் இரும்பு ஸ்டாண்டு இரண்டும் வாங்கினோம். பின் சக்கரங்களுக்குக் கல் அண்டைகொடுத்து, வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்து, அசைத்துப் பார்த்தோம். அவள் ஒல்லி. பழைய போர்வையை விரித்து அடியில் நகர்ந்து போனாள். துணி ஊறவைக்கும் பேசினை நான் தள்ளிவிட்டேன். போல்ட்டைக் கழற்றியதும் வெதுவெதுப்பான கறுப்பு ஆயில் தடதடவென்று இறங்கியது. "அய்யோ, கையெல்லாம் ஆயிருச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, ஆனால் சந்தோஷமாகத்தான் வந்தது.

பழைய ஃபில்டர் அசையவில்லை. கை வழுக்கியது. உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருகியதும் ஒரு முனகலோடு கழன்றது. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி மாட்டினாள். போல்ட்டை இறுக்கிவிட்டு வெளியே வந்தாள். மேலிருந்து புது ஆயிலை ஊற்றினோம். தேன் நிறத்தில் இருந்தது.

இதற்குள் அண்ணனும் தம்பியும் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு பேரும் சேந்து வண்டியக் காயலாங்கடைக்கு அனுப்பத்தான் போறீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் ஸ்டார்ட் செய்தேன். அவள் தள்ளி நின்று குனிந்து அடியில் பார்த்தாள்.

"ஆஃப் பண்ணுங்க! அக்கா, ஆஃப் பண்ணுங்க!"

நிறுத்திவிட்டு இறங்கினால் சிமெண்டுத் தரையில் தேன் நிற ஆயில் பாய் விரித்த மாதிரி பரவிக்கொண்டிருந்தது. மாடியை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பழக்கமில்லாத வேலையில் இறங்கி, இருந்த வண்டியையும் கெடுத்துவிட்டோமே என்று தோன்றியது. ஒர்க்‌ஷாப்புக்குப் போன் பண்ணலாமா என்று கேட்டேன்.

"செத்த இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவள் மரத்தூள் வாங்கப் போனாள். ஆயில் மேல் அதைத் தூவிப் பெருக்கி அள்ளினோம். பிறகு மறுபடி அடியில் போனாள். ஃபில்டரைத் திருகி எடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அடியிலிருந்து சிரிப்பு வந்தது. நிற்காத சிரிப்பு.

ஆயில் சொட்டச் சொட்ட அவள் கை மட்டும் வெளியே நீண்டது. விரலில் ஒரு ரப்பர் வளையம் தொங்கியது. பழைய ஃபில்டரின் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேலேயே புதியதை மாட்டியிருக்கிறோம். இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராமல் இடைவெளி வழியாக ஆயில் பீறிட்டிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

"ஒரு கைக்கு ஒரு வளையல் போதும்க்கா" என்றாள்.

நானும் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். என் கொழுந்தனார் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தார். வந்தவர் சும்மா நிற்கவில்லை, கடைக்குப் போய்க் கொட்டிப்போன அளவுக்கு ஆயில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். ஃபில்டரை மறுபடி மாட்டி ஆயிலை ஊற்றும்போது என் வீட்டுக்காரரும் இறங்கி வந்துவிட்டார். இந்த முறை ஸ்டார்ட் செய்துவிட்டு நாலு பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. பழைய ஆயிலைக் கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டோம்.

ஒரு வாரம் டவுனுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சிறுமலைக்குக் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துவிட்டு, "பாத்து. வளைவுல ஆரன் அடிச்சுட்டே போ" என்றார்.

கொண்டை ஊசி வளைவுகளில் நான் சாலையைப் பார்த்தேன், அவள் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது நடுவிலேயே நின்றது. பாதி மலையில் சாரல் பிடித்தது. வைப்பர் ஒரு கோடு விடாமல் துடைத்தது. "நம்ம போட்ட ரப்பர்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டு வாசலில் காரைப் பார்த்த அவள் அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. "யாரும்மா ஓட்டிட்டு வந்தது?"

"அக்காதான்."

"ரெண்டு பொம்பளைகளாவா மலையேறி வந்தீக?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மொச்சைக் குழம்பும் சோறும் போட்டார். கீழே டாக்டரிடம் வரச் சொன்னதற்கு முதலில் மாட்டேன் என்றார். கோழியை யார் பார்ப்பது, மிளகு காய்கிறதே என்றார். மகள் பக்கத்து வீட்டில் கோழியை ஒப்படைத்துவிட்டு வந்து, அம்மாவின் சேலைகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

இறங்கும்போது அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தார், மடியில் ஒரு சீப்பு மலைவாழையோடு. காலை நீட்ட இடம் இருந்ததால் முட்டி வலிக்கவில்லை என்றார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்பாக, "ஆரன் அடி தாயி" என்று எனக்கு ஞாபகப்படுத்தினார். நானும் அடித்தேன். பின் சீட்டில் அவள் ஜன்னலை இறக்கிவிட்டு, அம்மாவின் தோளில் ஒரு கையை வைத்தபடி வந்தாள். மலை முடிந்து சமவெளியின் வெக்கை முகத்தில் அடித்ததும் அம்மா ஒரு பழத்தை உரித்து என்னிடம் நீட்டினார். ஓட்டும்போது வேண்டாம் என்றேன். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தி, ஒரு புளியமர நிழலில் மூன்று பேரும் தின்றோம்.