எண்ணெய்த் தலையும் பிரிசில்லாவின் வாயும்

பிரிசில்லாவுக்கு இந்த உலகத்தில் ஆகாத பொருள் ஒன்றே ஒன்றுதான், தேங்காய் எண்ணெய். "உன்னோட சண்டை போடணும்னா ஒரு எண்ணெ பாட்டில் வாங்கியாந்தா போதும்" என்று வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ் கேலி செய்வார். அவருக்கென்ன, கடலூர் முதுநகரில் ரேஷன் கடையில் பில் போடுகிறவர். அவரை யாரும் எண்ணெய்த் தலையில் ஒயர் ஒட்டச் சொல்லவில்லை.

இவள் பிழைப்பே அதுதான். 2004இலிருந்து சிதம்பரத்தில் டாக்டர் மணவாளனின் நரம்பு ஆஸ்பத்திரியில் ஈ.ஈ.ஜி. அறை அவள் பொறுப்பு. தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். பிள்ளையின் தலையை டேப்பால் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, புள்ளிக்கு ஒன்றாக இருபத்தொரு ஒயரைப் பேஸ்ட் தடவி ஒட்ட வேண்டும். மூளையின் ஓட்டம் திரையில் அலை அலையாக வரும். முன்பெல்லாம் வலிப்பு கண்ட பிள்ளைகள்தான் வந்தார்கள். 2007இல் டாக்டர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, படிப்பில் கவனம் நிற்காத பிள்ளைகளுக்கு மூளை அலைப் பரிசோதனையும் பயிற்சியும் உண்டு என்று போர்டு மாட்டினார். பயிற்சி என்றால் திரையில் ஒரு படகு. மனசு ஒரு நிலையில் இருந்தால் படகு போகும், அலைந்தால் நின்றுவிடும். அவ்வளவுதான், மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகளுக்குக் கவனம் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது போல ஜனம் வந்து குவிந்தது.

வந்த பிள்ளைகள் அத்தனை பேர் தலையும் எண்ணெயில் மினுமினுக்கும். எண்ணெய்த் தலையில் ஒயர் நிற்காது. நின்றாலும் அலைக்குப் பதில் கோழி கிளறின மாதிரி கிறுக்கல்தான் வரும். "ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுங்க, எண்ணெ வெக்காதீங்க" என்று போனிலேயே படித்துப் படித்துச் சொல்வாள். யார் கேட்டார்கள்? செவிடன் காதில் ஊதிய சங்கு. இதையே சீட்டில் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள் என்று டாக்டரிடமும் நச்சரித்துப் பார்த்தாள். "பாக்கலாம் பிரிசில்லா" என்பார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

2008 மார்ச்சில் அண்ணாகிராமத்துப் பக்கமிருந்து கொளஞ்சி என்று ஒருத்தி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முந்திரிக் கொட்டை உடைக்கிறவள். விரல் நுனியெல்லாம் கொட்டைப் பால் பட்டு வெந்து கறுத்திருந்தது. மகள் எழிலரசிக்கு எட்டு வயசு. இரட்டைச் சடை, இடுப்பைத் தொடுகிற முடி, நெற்றியில் வழிகிற எண்ணெய்.

"பண்ருட்டியில இங்கிலீஷ் ஸ்கூல்ல போட்டிருக்கேன் டாக்டரம்மா" என்றாள் கொளஞ்சி. பிரிசில்லாவின் வெள்ளைக் கோட்டைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டாள். "போர்டப் பாக்காம சன்னலப் பாக்குறாளாம். சொன்ன கணக்க பாதியில வுட்டுடுறாளாம். இது வியாதின்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கியா, வச்சிக்கிறோம். இல்லன்னா திமிரு, ஜூன்ல டிசிய வாங்கிக்கன்னுட்டாங்க. ஒரு பேப்பர் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க, புண்ணியமாப் போவும்."

பிரிசில்லா ஒயரை ஒட்டிப் பார்த்தாள். ஏழு ஒயர் கீழே விழுந்தது. மற்றதில் கிறுக்கல். போய் எண்ணெயில்லாமல் வா என்று அனுப்பிவிட்டாள். கொளஞ்சிக்கு ஒரு நாள் கூலி போயிற்று.

அடுத்த வாரம் வந்தார்கள். பிரிசில்லா தலையில் கை வைத்தாள். வழவழவென்று கை வழுக்கியது. ஷாம்பு போட்டுத்தான் குளிப்பாட்டியிருக்கிறாள் மகராசி. சேத்தியாத்தோப்பு வழியாக வந்த பஸ்ஸில் காற்றடித்து முடி பறந்திருக்கிறது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ரெண்டு ரூபாய் எண்ணெய்ப் பாக்கெட் வாங்கி மொத்தத்தையும் தேய்த்துவிட்டாள்.

"பொட்டப்புள்ளய பரட்டத் தலையோட கூட்டிக்கினு வந்தா, பெத்தவ இருக்காளா செத்தாளான்னு கேக்க மாட்டாங்களா? பெரிய டாக்டரப் பாக்க வரும்போது எப்படிம்மா?"

பிரிசில்லாவுக்கு வந்ததே கோபம்! அன்று காலையிலிருந்து அது நாலாவது எண்ணெய்த் தலை. "ஏம்மா, உனக்கு எத்தனவாட்டி சொல்றது? மண்டையில ஏறவே ஏறாதா? பேசாம அதுக்கு மொட்டை அடிச்சிக் கூட்டியா, எனக்கும் நிம்மதி!" என்று கத்திவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா? மதியச் சாப்பாட்டுக்குள் சொன்னதையே மறந்துவிட்டாள்.

மூன்றாவது முறை அவர்கள் வந்தபோது யாரென்றே பிரிசில்லாவுக்குத் தெரியவில்லை. சந்தனம் பூசின மொட்டைத் தலையோடு ஒரு பிள்ளை தாவணித் துண்டால் தலையை மூடிக்கொண்டு நின்றது. "நீங்க சொன்னாப்லயே செஞ்சிட்டேன் டாக்டரம்மா" என்றாள் கொளஞ்சி. முகத்தில் அத்தனை நிறைவு.

கர்த்தரே! தான் கத்தியது பிரிசில்லாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சந்தனத்தைத் துடைத்து, புள்ளி வைத்து, ஒயர்களை ஒட்டினாள். கண்ணை மூடச் சொன்னாள், திறக்கச் சொன்னாள், காகிதக் காற்றாடியை ஊதச் சொன்னாள். பிள்ளை சொன்னதையெல்லாம் செய்தது. நாலு வருஷத்தில் அவ்வளவு சுத்தமான அலைகளை அவள் பார்த்ததில்லை.

டாக்டர் மணவாளன் திரையை ஓட்டிப் பார்த்தார். "வலிப்பு அது இதுன்னு ஒண்ணுமில்ல. நார்மல்" என்றார்.

"அப்ப வியாதின்னு எழுதித் தர மாட்டீங்களா சார்?"

"கவனக்குறைவு இருக்கலாம்மா. இந்த அலைய மட்டும் வச்சிக்கிட்டு அத எழுத முடியாது. பாடம் எடுக்கிற டீச்சர் என்ன பாக்குறாங்கன்னு ஸ்கூல்லேருந்து எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம் பாப்பாகிட்டப் பேசி முடிவு பண்ணலாம்."

"அவுங்க உங்ககிட்ட எழுதி வாங்கியாங்கறாங்க. நீங்க அவுங்ககிட்ட எழுதி வாங்கியாங்கறீங்க. நான் யாருகிட்டத்தான் போறது?"

டாக்டர் மணியை அடித்து அடுத்தவரை வரச் சொன்னார். வெளியே வராந்தாவில் பிரிசில்லா அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். "மொதல்ல டாக்டர் சர்டிபிகேட், அப்புறந்தான் மத்ததெல்லாம்" என்று வைத்துவிட்டார்கள். போனை வீசி எறியலாம் போலிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை சுவரில் ஊர்ந்த பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிரிசில்லா கொளஞ்சியின் பக்கத்தில் போய் நின்றாள். "ஒண்ணு சொல்லணும். நான் டாக்டரே இல்ல, ஒயர் ஒட்டுறவ. மொட்டை அடிக்கணும்னு யாரும் சொல்லல. நாந்தான் கோவத்துல ஒளறிட்டேன். நல்லாக் குளிப்பாட்டியிருந்தாலே போதும்."

கொளஞ்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் பிரிசில்லாவுக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும். மகளின் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"முடி எங்கடின்னு ஊர்ல கேட்டாங்க. எங்க கொளஞ்சியப்பர் சாமிக்கு வேண்டுதல்னு பொய் சொல்லி வச்சிருக்கேன். இப்பிடியே அந்தக் கோயிலுக்குத்தான் போறேன். மனுசங்க ஞாயம் கேக்கலன்னா அங்க சீட்டுல பிராது எழுதிக் கட்டுவோம், சாமி தொண்ணூறு நாள்ல விசாரிக்கும். ஆனா யாரு மேல பிராதுன்னு பேரு போட்டு எழுதணும்."

துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"பள்ளிக்கூடத்துப் பேரு தெரியும். டாக்டர் பேரு போர்டுல இருக்கு. உங்க பேரு என்னாம்மா?"