கனிஷாயும் காணாமல் போன பாடங்களும்

“எசென்குல், நீயெல்லாம் மனுசனா? உன் வீட்டுக் கல்யாண வீடியோவுக்கு இடம் பண்ண என் பிள்ளைங்க பாடம்தானாடா கிடைச்சுது?”

கனிஷாய் இப்படிக் கத்தியபோது நான் விருந்து விரிப்பின் வாசல் ஓரமாக உட்கார்ந்து கறி சீவிக்கொண்டிருந்தேன். கத்தி அப்படியே நின்றுவிட்டது. பதினைந்து பேர் வாயில் வைத்ததை மெல்லாமல் அவளைப் பார்த்தார்கள். எசென்குல் அவள் புருஷன் மெலிஸுக்கு அண்ணன். எங்கள் நாரின் மலையூரில் மருமகளாக வந்தவள் மூத்தார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். நான் என் மூத்தாரைத் ‘தொப்பிக்காரர்’ என்றே சொல்லி, அவர் செத்த பிறகும் தொப்பிக்காரர் என்றே அழுதேன். கனிஷாய் பதினாறு வருஷமாக இவனை ‘மேல்வீட்டுக்காரர்’ என்று சொல்லி வந்தவள். அன்றைக்குப் பெயரையும் சொன்னாள், ‘டா’வும் போட்டாள்.

எசென்குல் பெண்டாட்டி புருல் மார்பில் கையை வைத்துக்கொண்டாள். “கேட்டீங்களா ஷாகென் அக்கா? புது மருமக முன்னாடி! எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டே!”

“கேட்டுச்சு, எனக்கொண்ணும் காது செவிடில்ல,” என்றேன்.

எசென்குலுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. “நான் என்ன திருடினேனா? வீடியோ எட்டு மணி நேரம். இடம் பத்தலை, இடம் பத்தலைன்னு போன் கத்திக்கிட்டே இருந்துச்சு. உள்ள பார்த்தா பேர் புரியாத குப்பை மலை மாதிரி கிடந்துச்சு. தூக்கிப் போட்டேன். குப்பைத்தொட்டியையும் சேர்த்துக் காலி பண்ணினேன். சுத்தமா!”

சுத்தமா என்று அவன் சொன்னதும் கனிஷாய் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கழுத்துத் துணியை மறந்துவிட்டாள். வெளியே பூஜ்யத்துக்கும் கீழே இருபத்தெட்டு டிகிரிக் குளிர். நான்தான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். இந்த வயசில் பனியில் ஓட வைத்தாளே என்று அவளைத் திட்டிக்கொண்டே ஓடினேன்.

அவள் மருத்துவக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். நர்சுகளையும் மருத்துவச்சிகளையும் படிக்க வைக்கிற சின்னக் கல்லூரி அது. அங்கே அடுப்புக்குக் கரி போடுவதும் தரை துடைப்பதும் நான். அவளுடைய அறை அடுப்பும் என் கையில்தான். அதனால் அவள் வேலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். படித்துத் தெரிந்ததில்லை, பக்கத்தில் இருந்து தெரிந்தது.

தை, மாசிக் குளிரில் கல்லூரியைச் சூடாக்க எந்தக் கரியும் போதாது. பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பாடமெல்லாம் கல்லூரியின் இணையதளம் வழியாகப் போனுக்குப் போகும். அந்தத் தளம் இருப்பது கல்லூரியின் பழைய கம்ப்யூட்டரில். அதில் நாலு வீடியோ போட்டால் மூச்சு முட்டும். மெலிஸ் மாஸ்கோவில் வண்டி ஓட்டுகிறான். அவன் பணம் கட்டி, கனிஷாய் பேரில் ஒரு கம்பெனியிடம் வெளியே, இணையத்தில், நிறைய இடம் வாங்கியிருந்தான். கனிஷாய் அந்த இடத்தைக் கல்லூரித் தளத்தோடு இணைத்துவிட்டாள். பிள்ளை தளத்தில் பாடத்தைத் தொட்டால், பாடம் அவளுடைய இடத்திலிருந்து வந்து ஓடும்.

இணைக்கும்போது தளம் ஒவ்வொரு பாடத்துக்கும் கேட்குமாம்: இதை இங்கேயே நகல் எடுத்து வைக்கவா, இருக்கிற இடத்துக்கு வழி மட்டும் காட்டவா என்று. இருநூற்றுப் பதினான்கு பாடத்துக்கும் வழி மட்டும் போதும் என்றாள். வேறு என்ன செய்வாள், நகலை வைக்க அங்கே ஏது இடம்? “இப்ப செய், பின்னாடி காலேஜ் பேர்லயே இடம் வாங்கிக்கலாம்” என்று பிரின்சிபால் சொன்னார். அந்தப் பின்னாடி மூன்று பனிக்காலம் ஆகியும் வரவில்லை.

எசென்குல் கையில் அவள் கடவுச்சொல் எப்படிப் போனது என்று கேட்பீர்கள். மெலிஸ் மாஸ்கோவுக்குப் போன முதல் பனிக்காலம், கனிஷாயின் மகளுக்கு நெஞ்சுச் சளி. வீட்டில் கரி இல்லை. கேட்காமலே இரண்டு டன் கரியைக் கொண்டுவந்து கொட்டியவன் இதே எசென்குல்தான். அவனே அடுக்கியும் கொடுத்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும், ஆள் கெட்டவன் இல்லை. அடுத்த வருஷம் அவன் வந்து, “ஏம்மா, உங்கிட்ட இடம் நிறைய இருக்காமே, நம்ம வீட்டுப் படம் நாலு அதுல கிடக்கட்டுமே” என்றான். மூத்தார் வந்து கேட்டால் முடியாது என்று சொல்ல எங்கள் பெண்களுக்கு நாக்கு வராது. அவளும் சொல்லவில்லை, கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டாள். பிறகு அவன் அதை இன்னொரு தம்பிக்குச் சொன்னான், அந்தத் தம்பி மச்சினனுக்குச் சொன்னான். சுன்னத்து விருந்து, நாற்பதாம் நாள் சோறு, குதிரைக்குட்டி, எல்லாப் படமும் அங்கே போய்க் குவிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எசென்குல் அழித்தான். திங்கட்கிழமை காலையிலிருந்து அவள் போன் ஓயவில்லை. “அக்கா, பாடத்தோட பேர் இருக்கு, தொட்டா ஒண்ணும் இல்லைங்குது.” எவனோ களவாணி உள்ளே புகுந்துவிட்டான் என்று நினைத்து ஒரு பகல் முழுக்கச் சாப்பிடாமல் தேடினாள். செவ்வாய்க்கிழமை புது மருமகளுக்கான விருந்தில், தான் போனைச் சுத்தம் செய்த பெருமையை அவனாகவே சொன்னான். அப்போதுதான் அவள் கத்தினாள்.

பிரின்சிபால் புதன்கிழமை கூப்பிட்டார். நான் அடுப்படியில் குனிந்திருந்தேன். என்னை அவர் ஆளாக எண்ணுவதில்லை, அதனால் நிறுத்தாமல் பேசினார்.

“அரசாங்கப் பாடத்தை உன் வீட்டுப் பெட்டியில வச்சிருந்தியா?”

“நீங்கதான் வைக்கச் சொன்னீங்க.”

“எழுத்துல இருக்கா?”

பதிலுக்கு நிற்காமல் அவர் சுவர்க் காலண்டரைத் தட்டினார்.

“ஏப்ரல் பத்தாம் தேதி அரசாங்கப் பரீட்சை. அஞ்சு வாரம் இருக்கு. எண்பது பேர் இந்தப் பாடத்தை நம்பி ஊர்ல உக்காந்திருக்காங்க. பாடம் திரும்பி வரலைன்னா நீயும் வர வேண்டாம்.”

கம்பெனிக்கு எழுதினாள். உங்கள் சாவியைப் போட்டுத்தான் அழித்திருக்கிறார்கள், தொட்டியும் காலி, எங்களால் ஆகாது என்று பதில் வந்தது. ஆசிரியர்களிடம் போனாள். ஆறு பேரிடம் கொஞ்சம் இருந்தது. மற்றவர்கள் போனை மாற்றியிருந்தார்கள். “உங்கிட்டதான் பத்திரமா இருக்குமேன்னு நாங்க வச்சுக்கல” என்று அவள்மேலேயே பழியைப் போட்டார்கள். பிரசவப் பாடம் எடுத்த ஸூரா போன இலையுதிர்காலத்தில் செத்துப்போனாள். காலை முன்னால் நீட்டி வருகிற குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று துணிப்பொம்மையை வைத்து ஸூரா காட்டிய பாடம் ஒன்று உண்டு. தரை துடைக்கிற நானே துடைப்பத்தை நிறுத்திவிட்டு நின்று பார்த்திருக்கிறேன். அது யாரிடமும் இல்லை.

இதற்கு நடுவே மெலிஸ் தினமும் போன் போட்டான். அண்ணன் வீட்டில் அழுகிறார்கள், பெயர் சொன்ன பாவம் தீர ஒரு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்க் குனிந்து மன்னிப்புக் கேள் என்றான். ஆட்டுக்குப் பணமும் அனுப்பினான்.

“வாங்கிட்டுப் போயிடுடி,” என்று நானும்தான் சொன்னேன். “இந்தத் தெருவுலதான் வாழணும். அடுத்த பனிக்கு யார் கரி தருவா, உன் கம்பெனியா?”

“அழிச்சது அவர், ஆடு கொடுக்கிறது நானா?”

“ஆமா. அவன் மூத்தார், நீ மருமக. வேற எப்படி நடக்கும்னு நினைச்சே?”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் என்னை ஒரு அறை விட்டிருக்கலாம்.

சனிக்கிழமை அக்-தலா பக்கத்து மாணவி நாஸிரா போன் செய்தாள். மூன்று பிள்ளை பெற்றவள், ஊர் மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள்.

“அக்கா, என் போன்ல ஒரு நாப்பது பாடம் கிடக்கு. திட்ட மாட்டீங்கன்னா சொல்றேன்.”

அவர்கள் ஊரில் குன்றின்மேல்தான் சிக்னல் கிடைக்கும். வாரத்துக்கு ஒருத்தி குதிரையில் ஏறிப் போவாள், எல்லாப் பாடத்தையும் போனில் இறக்கிக்கொண்டு வருவாள், கீழே ஒருத்தி போனிலிருந்து ஒருத்தி போனுக்கு மாற்றிக்கொள்வார்கள். ஜும்கல் பக்கமும் அப்படித்தான். அது விதிப்படி தப்பு. அவரவர் தளத்தைத் திறந்து பார்த்தால்தான் வருகை. இதே பனிக்காலத்தில் கனிஷாயே இதைக் கண்டுபிடித்து ஏழு பெண்களுக்கு மதிப்பெண் குறைத்திருந்தாள்.

“நல்லவேளை, நீங்க எங்கள முழுசா திருத்தல,” என்றாள் நாஸிரா. கனிஷாய் சிரிக்கவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எல்லார் போனிலிருந்தும் வாங்கி வைக்க ஒரு இடம் வேண்டும். கல்லூரிக் கம்ப்யூட்டரில் இடமில்லை, வெளியே வைக்கப் பிரின்சிபால் விடமாட்டார், அவளுக்கும் பயம் பிடித்துவிட்டது. சந்தைக்குப் போய் உள்ளங்கை அளவில் ஒரு கருப்பு டிஸ்க் வாங்கினாள். மகளை என்னிடம் விட்டுவிட்டு ஷேர் டாக்சியில் ஏறினாள். நான்கு நாள், எட்டு ஊர். ஒவ்வொரு ஊரிலும் பெண்கள் பால் தேநீரோடும் போனோடும் உட்கார்ந்திருந்தார்களாம். ஒரே பாடம் ஐந்து போனில் இருந்தது, சில பாடம் எதிலும் இல்லை. நூற்று எழுபத்தொன்று சேர்ந்தது.

ஸூராவின் பாடம் கடைசி ஊரில் ஒரு பெண்ணிடம் இருந்திருக்கிறது.

“போன வாரம் வரைக்கும் இருந்துச்சுக்கா. கொழந்தைக்குப் பல் முளைச்சுது, போட்டோ எடுக்க இடம் பத்தலை. பாடம்தான் உங்ககிட்ட இருக்கேன்னு அழிச்சுட்டேன்.”

எசென்குலைக் கேட்ட கேள்வியை இவளிடம் கேட்க அவளால் முடியவில்லை. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பல்லைப் பார்த்துவிட்டு வந்தாளாம்.

திரும்பி வந்ததும் வீடியோவையெல்லாம் சுருக்கித் துண்டு துண்டாக்கி, இந்தத் தடவை கல்லூரிக் கம்ப்யூட்டரிலேயே நகலாக ஏற்றினாள். கண் சிவந்து, கை வீங்கி, இரண்டு வாரம் அந்த நாற்காலியிலேயே கிடந்தாள். பரீட்சைக்குப் பத்து நாள் முன்பே பிள்ளைகள் கையில் பாடம் போய்ச் சேர்ந்தது. பிரின்சிபால், “சரி, இரு” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். கடவுச்சொல்லையும் மாற்றினாள். சொந்தக்காரர் ஒவ்வொருவராகப் போன் போட்டு, “எங்க குதிரைக்குட்டிப் படம் எங்கே?” என்று ஏசினார்கள்.

பரீட்சையில் காலை நீட்டி வருகிற குழந்தையைப் பற்றித்தான் பெரிய கேள்வி. பதினொரு பேர் தோற்றார்கள். நாஸிரா அதில் ஒருத்தி. புத்தகத்தில் படித்ததைச் சொன்னாளாம், கையால் செய்து காட்டு என்றபோது கை நகரவில்லையாம்.

புருல் இப்போது எங்கள் வாசலைத் தாண்டும்போது எதிர்ப் பக்கம் போய் நடக்கிறாள். எசென்குல் நிற்பான், ஏதோ சொல்ல வருவான், பிறகு போய்விடுவான்.

பரீட்சை முடிவு வந்த அன்று கனிஷாய் வீட்டில் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மெலிஸின் போன் வந்தது. அவள் கையிலும் மாவு, அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

“அண்ணன் இன்னும் ஆடு வரலைங்கிறாரே?”

“வாங்கலை.”

“பணம் அனுப்பினேனே, என்ன பண்ணினே?”

“டிஸ்க் வாங்கினேன். பாடம் வைக்க.”

அந்தப் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்தும் சத்தம் கேட்டது. நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

“டிஸ்க் எவ்வளவு?” என்றான், ஆட்டைப் பற்றிக் கேட்காமல்.

“எட்டாயிரத்து நானூறு சோம்.”