தாரை விட்டு இறங்காத சின்னராசா

சின்னராசா அண்ணையின் காரில் மீன் வாசம் அடித்த காலத்தில் அதில் ஏறித் திரிந்தவர்களில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ தெரியாது. நான் இருக்கிறேன். அந்த வாசம் எப்படி வந்தது என்று ஊர் பலவிதமாகக் கதைத்தது. கள்ளத்தனமாக மீன் வியாபாரம் செய்கிறார் என்றார்கள், கடற்கரையில் வேறொரு குடும்பம் வைத்திருக்கிறார் என்றுகூடச் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பின் சீற்றில் இருந்து கண்ணால் கண்டவள் நான். ஆகவே நான் சொல்வதைக் கேளுங்கள்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்குப் புளியங்குளம் ரெயில் ஸ்டேஷனில் வேலை, எனக்கு நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் வேலை. காலை பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. எனவே நாலைந்து பேராகச் சேர்ந்து சின்னராசா அண்ணையின் வாடகைக் காரில் போவோம்.

அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அக்கராயனில் குடியேற்றக் காணி எடுத்தவர். மகனை வயலில் இறக்கப் பார்த்திருக்கிறார். மகனோ, சேற்றுக்குள் கால் வைக்க என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டு லொறிக்காரன் ஒருவனோடு போய் றைவிங் பழகி, ஆறேழு வருடங்களில் ஒரு கறுப்பு ஒஸ்ரின் காரோடு புளியங்குளம் சந்தியில் வந்து நின்றுவிட்டார். அந்தக் காரை அவர் துடைக்கிற விதத்தைப் பார்த்தால் கைப்பிள்ளைக்காரிகூட வெட்கப்படுவாள். சீற்றுகளுக்கு வெள்ளை உறை. வெள்ளிக்கிழமை என்றால் பொனற்றில் சந்தனம், சில்லுக்கு அடியில் தேசிக்காய், உள்ளே சாம்பிராணிப் புகை. வெள்ளிக்கிழமையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு ஏறிய ஒரு கிளாக்கரைக் காட்டு நடுவில் இறக்கிவிட்டுப் போனவர் அவர். இது கட்டுக்கதையல்ல, இறக்கப்பட்ட கிளாக்கரே சொல்லித் திட்டியதை நான் கேட்டிருக்கிறேன்.

அந்தக் காலத்து முல்லைத்தீவு றோட்டில் தார் ஒரு கார் போகிற அகலம்தான். இரண்டு கரையும் மணல், அதற்கப்பால் பாலை, வீரை மரங்களாகக் காடு. எதிரே இன்னொரு கார் வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கச் சில்லை மணலில் இறக்கி, தாரைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு போவார்கள். ஆனால் மோட்டார் சைக்கிள் வந்தால் சின்னராசா அண்ணையிடம் பாதி என்ற கதையே இல்லை. முழுத் தாரும் அவருக்குத்தான்.

"ரெண்டு சில்லுக்காரன் நாலு சில்லுக்காரனுக்கு இறங்க வேணும், ரீச்சர். இது நான் போட்ட சட்டமில்லை" என்பார். யார் போட்ட சட்டம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த றோட்டில் தினமும் ஓடிய மோட்டார் சைக்கிள் ஒன்றே ஒன்று. முல்லைத்தீவு மத்தேயுவுடையது. மாற்றலாகிப் போன ஓர் இஞ்சினியர் விட்டுப்போன பழைய பி.எஸ்.ஏ. அது. விடியும் முன்பே கரைக்கு வரும் மீனைப் பெட்டிகளில் அடுக்கி, ஈரச் சாக்குப் போட்டு, சைக்கிளின் இரு பக்கமும் கட்டிக்கொண்டு, தெற்கே போகும் காலை ரெயிலைப் பிடிக்கப் புளியங்குளத்துக்கு ஓடி வருவார். நாங்கள் புளியங்குளத்திலிருந்து போவோம், அவர் எதிரே வருவார். ரெயில் போய்விட்டால் அவ்வளவு மீனும் வெயிலில் நாற வேண்டியதுதான். தாரை விட்டு மணலில் இறங்கினால் பாரத்தோடு முன் சில்லு புதைந்து சைக்கிள் சரிந்துவிடும். இறங்குவதென்றால் ஆளும் இறங்கி, பிடித்து உருட்ட வேண்டும். சின்னராசா அண்ணை ஹோணில் கையை வைத்தால் எடுக்கமாட்டார். மத்தேயு பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி உருட்டுவார். எங்களுடைய புழுதியெல்லாம் அந்த மனிதனுடைய முகத்தில்.

இந்தச் சண்டைக்கு ஓர் இடத்தில் மட்டும் விதிவிலக்கு இருந்தது. நெடுங்கேணிக்கு இப்பால், றோட்டு வளைகிற இடத்தில், ஒரு மருதமரத்தின் கீழே பிள்ளையார் இருந்தார். கோயில் இல்லை, ஒரு கல்லும் ஒரு விளக்கும்தான். காட்டுப் பயணம் போகிற எவரும் அவரிடம் சொல்லாமல் போகமாட்டார்கள். லொறி நிற்கும், பஸ் நிற்கும், வண்டில்காரன் இறங்கிக் குழை முறித்து வைப்பான். மத்தேயு வேதக்காரர், கழுத்தில் சிலுவை தொங்கும், ஆனாலும் நிற்பார். "காட்டுக்குள்ள ஆனை சமயம் பார்த்தோ வருது?" என்பது அவருடைய நியாயம். அங்கே இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் வாகனத்தை ஓரங்கட்டி, ஒருவரையொருவர் பாராமல் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு வியாழக்கிழமை விஷயம் முற்றிவிட்டது. முதல் நாள் மழை. மணல் களியாகிக் கிடந்தது. மத்தேயு இறங்கியதும் சைக்கிள் சரிந்து ஒரு பெட்டி முழுக்கச் சேற்றில் கொட்டுப்பட்டுவிட்டது. சின்னராசா அண்ணை நிற்காமல் போகப் பார்த்தார். எங்களோடு தினமும் காரில் வரும் மூத்தவர் அன்னபாக்கியம் அக்காதான் "நில்லடா" என்று அதட்டி நிற்பாட்டினார். மத்தேயு ஓடி வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் இறங்கமாட்டன். செத்தாலும் தாரிலதான் சாவன்!"

"நானும் இறங்கினதா சரித்திரம் இல்லை. பாப்பம்!" என்றார் இவர்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அன்னபாக்கியம் அக்கா வழக்கம்போல ஒட்டுசுட்டான் சிவன் கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டோடு முன் சீற்றில். பின்னால் நானும் இன்னும் இரண்டு பேரும். மருதமரம் தூரத்தில் தெரிந்தபோதே வளைவுக்கு அப்பாலிருந்து பி.எஸ்.ஏ.யின் சத்தம் கேட்டது. காடு அமைதியாக இருக்கும், வெகுதூரத்திலேயே கேட்கும். சின்னராசா அண்ணை காரின் வேகத்தைக் கூட்டினார்.

"என்னடா, பிள்ளையாருக்கு நிக்கேல்லையே?" என்றார் அன்னபாக்கியம் அக்கா.

"அவன் நிப்பான், அக்கா. பிள்ளையாருக்கு நிக்காமல் அவன் ஒருநாளும் போனதில்லை. அவன் ஓரங்கட்டி நிக்கேக்க நான் தாரால போயிடுவன். பிள்ளையாரே, திரும்பி வரேக்க ரெண்டு தேங்காய்!"

இதே நேரத்தில் வளைவுக்கு அப்பால் மத்தேயு என்ன நினைத்தார் என்பதைப் பிறகு ஆஸ்பத்திரியில் அவரே சொன்னார். "வெள்ளிக்கிழமை, ரீச்சர். சின்னராசா அண்ணை தேங்காய் உடைக்காமல் அந்த இடத்தை விட்டு அசையமாட்டார் எண்டு நினைச்சன். பிள்ளையாரிட்டச் சொன்னனான், வரேக்க மெழுகுதிரி கொளுத்துறன் எண்டு."

மற்றவன் பிள்ளையாருக்கு நிற்பான் என்று நம்பி இரண்டு பேரும் பிள்ளையாருக்கு நிற்காமல் வந்தார்கள். உலகத்தில் வேறெந்த றோட்டிலும் இப்படி ஒரு விபத்து நடந்திருக்காது.

வளைவில் முகத்துக்கு முகம். சின்னராசா அண்ணை ஸ்ரியறிங்கை ஒடித்துத் திருப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஒஸ்ரின் மோட்டார் சைக்கிளுக்காகத் தாரை விட்டு இறங்கியது. ஆனால் பிந்திவிட்டது. மட்காட் மத்தேயுவின் காலில் அடித்தது. சைக்கிள் ஒரு பக்கம், மனிதன் ஒரு பக்கம்.

மீன் எங்கே போனது என்று கேளுங்கள். மீன் முழுவதும் பிள்ளையாருக்கு முன்னால். பாரையும் ஒட்டியும் இறாலும், அதுவும் வெள்ளிக்கிழமையில். சாக்கிலிருந்து தப்பிய ஒரு நண்டு பிள்ளையாருடைய கல்லில் ஏறிக்கொண்டிருந்தது.

சின்னராசா அண்ணை ஸ்ரியறிங்கைப் பிடித்தபடியே இருந்தார். அன்னபாக்கியம் அக்காதான் முதலில் இறங்கி ஓடினார். மத்தேயுவின் கால் முழங்காலுக்குக் கீழே திரும்பிக் கிடந்தது.

"அண்ணை" என்றார் மத்தேயு. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அண்ணை, கால் கிடக்கட்டும். மீனை ரெயிலுக்குக் குடுங்கோ. என்ர பெண்சாதி மதலேனா கரையில நிண்டு ஒவ்வொண்டாப் பொறுக்கிக் கட்டினவள்."

"விசரோ உனக்கு? முதல்ல ஆஸ்பத்திரி."

"மீன் போகாமல் நான் ஏறமாட்டன்."

சின்னராசா அண்ணை பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு தன் சால்வையை உருவி, இரண்டு தடியை முறித்து மத்தேயுவின் காலோடு வைத்துக் கட்டினார். அதன்பிறகு குந்தியிருந்து மீன் பொறுக்கத் தொடங்கினார். நெற்றியில் விபூதி, காதில் பூ, இரண்டு கையிலும் மீன். கடைசியாகக் கல்லிலிருந்து அந்த நண்டை எடுக்கப் போனார். அது அவருடைய விரலைக் கவ்விப் பிடித்தது.

"சரி, சரி" என்றார் பிள்ளையாரைப் பார்த்து. "உமக்கும் கோவம்தான்."

நாங்கள் சிரிக்கவில்லை. அவருடைய கண் நிரம்பியிருந்தது. அன்னபாக்கியம் அக்கா அர்ச்சனைத் தட்டைக் கல்லடியில் வைத்துவிட்டு, "எடு மோனை, கெதியா எடு. எல்லாம் அவர் படைச்சதுதான்" என்று சொல்லித் தானும் குனிந்து இறால் பொறுக்கினார். பிறகு நானும்.

மத்தேயுவை வெள்ளை உறை போட்ட பின் சீற்றில் கிடத்தி, மீனை டிக்கியில் அடைத்து, மற்ற இரண்டு பேரையும் சைக்கிளுக்குக் காவலாக விட்டு, அக்காவையும் என்னையும் முன் சீற்றில் ஏற்றி, காரைத் திருப்பிப் புளியங்குளத்துக்கு விட்டார். ரெயில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. சின்னராசா அண்ணை பெட்டிகளைத் தோளில் சுமந்து ஓடிப்போய் ஏற்றினார். மீன் தண்ணீர் அவருடைய சேட்டு முழுக்க வடிந்தது. அதன்பிறகுதான் மத்தேயு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தார்.

கால் தேற மாதக்கணக்காகியது. அவ்வளவு காலமும் சின்னராசா அண்ணை ஒருவரும் கேட்காமலே விடியப்புறத்தில் முல்லைத்தீவுக்குப் போய், மதலேனா கட்டிக் கொடுக்கும் மீன்பெட்டிகளை ஏற்றி வந்து ரெயிலில் சேர்த்துவிட்டு, பிறகுதான் எங்களை ஏற்ற வந்தார். வெள்ளிக்கிழமையும்தான். சாம்பிராணி போட்டார், சந்தனக்குச்சி கொளுத்தினார், எலுமிச்சம்பழம் வெட்டிவைத்தார். மீனும் சாம்பிராணியும் கலந்த அந்த வாசத்தை நீங்கள் மணந்திருக்க மாட்டீர்கள். காருக்கு மீன் கார் என்று பேர் வந்தது. கிளாக்கர்மார் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். முன்பு காட்டில் இறக்கப்பட்ட கிளாக்கர் சந்தியில் நின்று மூக்கைப் பொத்திக் காட்டிவிட்டுப் போனார். அன்னபாக்கியம் அக்காவும் நானும் மட்டும் மிஞ்சினோம். என் சேலையை மோந்து பார்த்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒன்றையொன்று இடித்துச் சிரிக்கும். எனக்கு அப்போது அழுகை வரும். இப்போது மீன்கடைப் பக்கம் போனால் நெஞ்சு நிறைந்துபோகிறது, சாம்பிராணிதான் குறைகிறது.

மத்தேயு மீண்டும் சைக்கிளில் ஓட வெளிக்கிட்ட முதல் நாளை மறக்க முடியாது. முறிந்த கால் ஒட்டியதில் நீளம் குறைந்து கொஞ்சம் கட்டையாகிவிட்டது. பி.எஸ்.ஏ.யின் சத்தம் கேட்டதுதான் தாமதம், சின்னராசா அண்ணை காரை முழுவதுமாக மணலில் இறக்கி எஞ்சினையும் நிற்பாட்டினார். எதிரே வந்த மத்தேயுவும் தன் பக்கத்தில் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நடுவில் தார் வெறுமனே கிடந்தது.

"நீ போ, மத்தேயு."

"நீங்கள் போங்கோ, அண்ணை."

"உனக்கு ரெயில் இருக்கு, போடா!"

"உங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, போங்கோ!"

"ரெண்டு பேரும் இப்ப போகாட்டில் நான் நடந்து போயிடுவன்!" என்று அன்னபாக்கியம் அக்கா கத்திய பிறகுதான் மத்தேயு ஏறிப் போனார். கார் ஏறவில்லை. சில்லு மணலில் புதைந்துவிட்டது. மத்தேயு திரும்பி வந்து, அந்தக் கட்டைக் காலை ஊன்றித் தள்ளினார். நானும் இறங்கித் தள்ளினேன். அன்றைக்கு ரெயிலையும் பள்ளிக்கூட மணியையும் எப்படிப் பிடித்தோம் என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான்.

அறுபதுகளில் அந்த றோட்டை அகலமாக்கினார்கள். இரண்டு லொறிகள் உரசாமல் போகலாம். மருதமரத்தடிப் பிள்ளையாருக்குக் கூரை வந்தது. மோட்டார் சைக்கிள்களும் பெருகின. சின்னராசா அண்ணைக்குத் தலை நரைத்துவிட்டது, ஆனால் எதிரே ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டால் போதும், யாருடையது என்றுகூடப் பாராமல் காரைத் தாரை விட்டு இறக்கி நிற்பாட்டிவிடுவார். கிழவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று பெடியன்கள் சிரித்துக்கொண்டு பறப்பார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அண்ணை, இப்பதான் ரெண்டு பேருக்கும் இடம் இருக்கே. பிறகேன் இறங்கிறியள்?"

அவர் அந்த மோட்டார் சைக்கிள் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பவும் இடம் இருந்தது, ரீச்சர்" என்றார். பிறகு காரை மெல்லத் தாரில் ஏற்றினார்.