காளீஸ்வரி கேட்ட பெஞ்சு

தன்னை விட்டுவிட்டு ஓடின புருஷனின் பெயரை ஒரு கட்டடத்துக்கு வைக்கலாம் என்று காளீஸ்வரி அக்கா கையெழுத்துப் போட்டாள். அதைப் பார்த்த கோபத்தில் என் சட்டியில் ஒரு ஈடு சிப்ஸ் கருகிப்போனது.

குற்றாலத்தில் அவள் பழக்கடைக்கு அடுத்த கடை என்னுடையது. இருபது சீசனாக அவள் மங்குஸ்தான் விற்கிறாள், நான் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறேன். அவள் சிரித்தால் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அப்படிப்பட்டவளைத்தான் முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான ஆறாம் மாதம், இலஞ்சி முருகன் கோயில் வாசலில் நிறுத்தி, "இங்கனயே நில்லு, வந்துருதேன்" என்று சொல்லிப் போனான் குற்றாலிங்கம். உட்கார்ந்தால் அவன் கண்ணில் படமாட்டோமோ என்று நடை சாத்துகிற வரைக்கும் நின்றிருக்கிறாள். படுபாவி, சிவகிரியில் வேறொருத்தியைக் கட்டி, மாமனார் செல்வாக்கில் இரண்டு தடவை இங்கேயே பேரூராட்சித் தலைவராகவும் வந்துவிட்டான்.

அவன் செய்த நல்லதைச் சொல்லாவிட்டால் என் வாய் அழுகிப்போகும். அருவிக்கரையில் பெண்கள் உடை மாற்ற அறை கட்டினான். அதுவரை குளித்துவிட்டு வரும் பெண்களுக்கு அக்காதான் கடைக்குப் பின்னால் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

போன வருஷம் அவன் செத்துப்போனான். அறையைப் புதுப்பித்து அவன் பெயரை வைக்கப்போவதாகச் சொன்னார்கள். பெண்டாட்டியைத் தெருவில் விட்டவன் பெயரா பெண்கள் அறைக்கு என்று கடைக்காரிகள் நாங்கள் சண்டைக்குப் போனோம். காளீஸ்வரி எழுதிக் கொடுத்தால் வைக்கலாம் என்று முடிவானது. பேப்பரோடு வந்தான் முத்துகுமரன், குற்றாலிங்கத்தின் மகன்.

"பெரியம்மா" என்றான். அந்த முறை சொல்லி அவளை யாருமே கூப்பிட்டதில்லை. அக்கா பேனாவை வாங்கினாள்.

"ஏக்கா, ஒனக்கென்ன கிறுக்கா?" என்று நான் கத்தினேன்.

"ஏட்டி ஜெஸி, கை கடுக்கச் சேலை புடிச்சவ நான். அந்த ரூமோட அருமை எனக்குத் தெரியாதா? அதுக்காவ அவன நல்ல புருசன்னு சொல்லுவேனா?"

முத்துகுமரன் பக்கம் திரும்பினாள். "போர்டுல தலைவருன்னு மட்டும் போடு. குணக்குன்று, குடும்ப வெளக்குன்னு எதயாவது எழுதுன, நானே வந்து சுண்ணாம்பு அடிச்சிருவேன். பெறவு, வாசல்ல ஒரு நீள பெஞ்சு போடணும். என் பேருல."

"பெஞ்சு எதுக்கு பெரியம்மா?"

"நில்லுன்னு சொல்லிட்டுப் போனா, நிக்கவங்களுக்கு ஒக்கார எடம் வேண்டாமா?"

பையனுக்கு முகம் செத்துவிட்டது. "போட்டுருதேன் பெரியம்மா" என்றான். போட்டும் விட்டான்.

திறப்பு விழா அன்று நல்ல சாரல். பெண்கள் கூச்சலும் கும்மாளமுமாக உள்ளே போனார்கள். வெளியே காளீஸ்வரி பெஞ்சில் வரிசையாகப் புருஷன்மார். மடியில் ஹேண்ட்பேக், காலடியில் பெண்டாட்டி செருப்பு, ஒருவர் தோளில் தூங்குகிற பிள்ளை. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மதுரைக்காரர் ஒருவர் பொறுமை இழந்து எழுந்தார். "எம்புட்டு நேரம்தாம்மா ஆகும்?"

கடையிலிருந்தபடியே அக்கா குரல் கொடுத்தாள். "இங்கனயே இரிங்க அண்ணாச்சி, வந்துருவாங்க."

எனக்குச் சிரிப்பு நின்று கண் கலங்கிவிட்டது. அவளோ பெஞ்சுக்கே வந்து மங்குஸ்தானை உடைத்து அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அதைத் தின்று முடிப்பதற்குள், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அவர் மனைவி வந்துவிட்டாள்.