தொப்பியும் கரண்டும்

வேலாயி அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய களைப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நான் அவளுக்கு அடுத்த காம்பரா, அடுத்த அறை. விடிந்தால் அவள் புருஷனை எழுப்பும் குரல்தான் கேட்கும். “எந்திரிங்க, ஒரு வாய் சாப்பிடுங்க.”

அவள் புருஷன் கணேசமூர்த்தி அண்ணன் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெசின் ஓட்டியவர். வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார். போன மழைக்காலத்தில் அந்தப் பேச்சு குறைந்தது. பிறகு வேலைக்குப் போவது நின்றது, கடைசியில் தானாகச் சாப்பிடுவதும் நின்று, அக்கா ஊட்டும் கஞ்சிதான் என்றானது. செய்வினை என்று கயிறு கட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் ஹட்டன் டவுனில், ஒரு துணிக்கடை மாடியில் மூளைத் தொப்பி வந்து இறங்கியது. வயரும் சின்னச் சின்ன லைட்டும் வைத்த தொப்பி. மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மூளை அலை சீராகுமாம். வாதம், தலையிடி, மனக்கவலை, பிள்ளைக்குப் படிப்பு ஏறாதது, எல்லாவற்றுக்கும் அதே தொப்பி. எனக்கு அன்றைக்கே எரிச்சல்தான். அக்கா கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு அவரைக் கைத்தாங்கலாக பஸ் ஏற்றிக்கொண்டு போனாள், பல மாதம். அவர் தொப்பியோடு இருக்கும்போது அவளுக்கும் ஒரு மெத்தை நாற்காலி கொடுப்பார்கள். உட்கார்ந்த உடனே தூங்கிவிடுவாள். “நீங்க தூங்கத்தானே அங்க போறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “ஆமா புள்ள, அதுவும்தான்” என்றாள்.

அவரோ எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தார். தொப்பிக்காரர் லோஜன், டை கட்டிய, மரியாதை தெரிந்த ஆள். மாற்றம் இல்லையென்றால், “இன்னும் கொஞ்ச நாள் போடணும்மா” என்பார். மோசமாகிறது என்றால், “நோய் வெளியேறுறப்ப அப்படித்தாம்மா வாட்டும்” என்பார்.

“சரிவராதுன்னா அது எப்பங்க தெரியும்?” என்று கேட்டாள் அக்கா.

“நம்பிக்கை வைங்கம்மா” என்றார்.

அன்றைக்கே பஸ் ஸ்டாண்டில் அண்ணன் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் நானும் கூட இருந்தேன். டாக்டர் ஸஹ்லா எங்களை உட்காரவைத்துப் பேசினார். இது முற்றிப்போன மனச்சோர்வு நோய், மாத்திரை வேலை செய்யும்வரை உடம்பு தாங்காது, மயக்க மருந்து கொடுத்துத் தலைக்குக் கரண்ட் வைக்க வேண்டும் என்றார். கொழும்பிலிருந்து மகன் மதுரன் போனில் கத்தினான். “படத்துல பாத்ததில்லையாம்மா? அப்பாவ பைத்தியமாக்கிருவாங்க!” தொப்பி போட்டபோது வாயைத் திறக்காத லயம் இப்போது குய்யோ முறையோ என்றது.

அக்காவுக்குச் சண்டை பிடிக்கத் தெம்பில்லை. சரிவராதென்றால் எப்போது தெரியும் என்ற அதே கேள்வியை டாக்டரிடமும் கேட்டாள்.

“ஆறு தடவ வச்சுப் பாப்போம்” என்றார் டாக்டர். “ஒண்ணும் மாறலன்னா நிப்பாட்டிட்டு வேற வழி பாக்கணும். நெறைய பேருக்கு சரிவருது, எல்லாருக்கும் இல்ல. கொஞ்ச காலத்து ஞாபகம் அழிஞ்சும் போகலாம்.”

“அப்ப அந்தத் தொப்பி?”

“காந்தம் வச்சு, சின்ன கரண்ட் வச்சு மூளைக்குப் பாக்குற வைத்தியம் இருக்குதான். சிலது நிரூபிச்சது, சிலது இன்னும் ஆராய்ச்சியில இருக்கு. அந்தப் பேரச் சொல்லித்தான் தொப்பிய காட்டுறாங்க. அந்தத் தொப்பி என்ன செய்யுதுன்னு யாரும் சோதிச்சுப் பாத்ததில்ல.”

வெளியே வந்ததும் அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். “சரிவராமலும் போகலாம்னு வாயால சொன்ன மொத ஆளு இவங்கதான் புள்ள” என்றாள். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள். கோபத்தில் மகன் அவளோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டான்.

முதல் மூன்று தடவையும் ஒரு மாற்றமும் இல்லை. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். நாலாவது தடவைக்குப் பிறகு அண்ணன் தண்ணீர் கேட்டார். ஐந்தாவதுக்குப் பிறகு, ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரிச் சோற்றைத் தானே எடுத்துச் சாப்பிட்டார். தொப்பி, பஸ், அவள் ஊட்டிய கஞ்சி எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன வேலாயி, இப்படி எளைச்சுப் போயிட்ட? நான் படுத்துக் கெடந்தப்ப ஒன்னைய யாரு பாத்துக்கிட்டா?”

“யாருங்க பாப்பாங்க?” என்றாள் அக்கா. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வார்டே திரும்பிப் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.